கண்ணை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால்

நலவாழ்வைப் பற்றிய இப்பகுதியில் இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இனிமையானதன்று. அறுவைச் சிகிச்சையால் கண்ணை அகற்ற நேர்வது ஏன், அகற்றிய பின் நிகழ்வது என்ன என்பதே அது. இல்லத்தில் எல்லோரும் சுகமாக இருக்கையில் இதை எதற்குப் படிக்க வேண்டும் என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். சுகமாக இருக்கையில்தான் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. இச்செய்தி ஒரு வீட்டிற்குத் தேவைப்படும் நாளில் அவ்வீட்டாருக்கு நிதானமாகப் படிக்கும் மனநிலை இராது. முடிவு செய்யக் கிடைக்கும் அவகாசமும் பெரும்பாலும் சில நாட்களே.

கண்ணை எடுத்தல் என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு சிகிச்சைகளைக் குறிக்கும். முதலாவது, கண்விழியை முழு உருண்டையாக எடுத்துவிடுவது. இதில் இமைகளும், விழியை அசைக்கும் தசைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, விழியின் வெண்மையான வெளிச்சுவரை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் நீக்குவது. மூன்றாவது, விழியோடு கண்குழியில் உள்ள மற்றத் தசைகளையும் கொழுப்பையும் எடுப்பது. சில சமயம் இமைகளும் எடுக்கப்படும். இம்மூன்றாவது மிகக் கடுமையானது. மிக அரிதாகவே செய்யப்படுவது. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோயின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து ‘கறுப்புப் பூஞ்சை’ நோய் நம் நாட்டில் 40,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியபோது, மூளைக்குப் பூஞ்சை பரவாமல் தடுக்கும் பொருட்டுப் பலர்க்கு இச்சிகிச்சை செய்ய நேர்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய சிகிச்சைகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது காயம். தீபாவளி வெடி, கிட்டிப்புள், வில்லும் அம்பும், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொட்டலம் ஆகியவற்றால் நம் குழந்தைகள் கண்ணை இழக்கிறார்கள். சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்தினால், அது வெடித்து நேரே கண்ணில் தெறிக்கும். அப்பொழுது உடனே சுத்தமான நீரால் அரைமணி நேரமேனும் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பெரியவர்களோவெனில், பட்டறையிலும் கட்டட வேலையிலும் கண்ணாடி அணியாமல் உளி பிடித்து இழக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், கருவிழியில் புண் ஏற்பட்டு அது விழி முழுவதும் சீழ் பிடிப்பது. கண்ணில் நெல்லின் உமியோ கரும்புத் தோகையோ பட்ட சிறு கீறல், தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விளக்கெண்ணெயும் ஊற்றிய பின் பெரும்புண்ணாகிய கதைகள் நம் ஊர்களில் பல உண்டு. மூன்றாவது, பார்வை முற்றும் போன பின்பும் தீராத வலியைக் கொடுத்துக்கொண்டிருக்கும் கண். நீர் அழுத்த நோய் முற்றிய கண்கள் இவ்வகையின. இங்கே எடுத்தல் என்பது நோயாளிக்கு விடுதலை. பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இரவில் உறங்கினேன் என்று சொல்வோர் உண்டு.

நான்காவது காரணத்தைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஏனெனில் இதில் போவது கண் மட்டுமன்று. உயிரும் பணயமாக இருக்கிறது. அதுவும் பச்சிளங் குழந்தையின் உயிர்.

விழித்திரையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று பெயர். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் 1,500 குழந்தைகளுக்குக் குறையாமல் வருவதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். இதன் முதல் அடையாளத்தைக் கண்டுபிடிப்பவர் பொதுவாக மருத்துவர் அல்லர், தாயே. குழந்தையின் கருமணி சில கோணங்களில், குறிப்பாக மங்கிய வெளிச்சத்தில், பூனைக் கண்போல வெண்மையாக மினுங்கும். புகைப்படம் எடுக்கையில் ஒரு கண்ணின் மணி சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் விழும். சில குழந்தைகளுக்கு மாறுகண் தோன்றும். மாறுகண்ணை ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லிச் சிரிக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தச் சிரிப்பில் கழிந்த மாதங்கள் திரும்பி வாரா. இவ்வடையாளங்களுள் எது தென்பட்டாலும் ஒரு வாரத்திற்குள் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கருமணியை மருந்திட்டு விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நோய் கண்டதும் எல்லாக் கண்களையும் எடுத்துவிடுவதில்லை. நோய் சிறிதாக இருந்தால் லேசர் ஒளியாலும், கடுங்குளிரூட்டியும், மருந்தைச் செலுத்தியும் கண்ணைக் காப்பாற்றுகிறார்கள். விழிக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாயிலேயே மருந்தைச் செலுத்தும் முறையும் இன்று உண்டு. இரு கண்களிலும் நோய் இருந்தால், ஒன்றையேனும் காக்க மருத்துவர்கள் பெரிதும் முயல்வார்கள். ஆனால் ஒரு கண் முழுவதும் கட்டி நிறைந்து, பார்வைக்கு வழியில்லாத நிலையில் குழந்தை வந்து சேர்ந்தால், அக்கண்ணை எடுப்பதே தக்க வழி. விழிக்குப் பின்னால் பார்வை நரம்பு இருக்கிறது; அந்நரம்பு நேரே மூளைக்குச் செல்கிறது. கட்டி அவ்வழியில் அடியெடுத்து வைத்துவிட்டால் பிறகு போராட்டம் கண்ணுக்காக நடைபெறாது, உயிருக்காகவே நடைபெறும்.

இவ்வுண்மையை 1809ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் எடுத்துரைத்தார். மயக்க மருந்து புழக்கத்திற்கு வருவதற்கு 37 ஆண்டுகள் முன்னர், நோயுற்ற கண்ணைக் காலத்தே எடுத்துவிட்டால் குழந்தையைக் காக்கலாம் என்று அவர் எழுதினார். அன்று அதைக் கேட்டவர் சிலரே. இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட நூறு குழந்தைகளில் 95க்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. நம் மருத்துவர்களுக்குத் திறமை குறைவு என்பதன்று இதற்குக் காரணம். குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள். வந்த பின்பும் கண்ணை எடுக்க வேண்டும் என்றதும் பெற்றோர் சிலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஏன் போகிறார்கள்? வெளியூரில் வாழும் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவருக்கு வடக்கே ஒரு நகரில் வேலை. மனைவிக்கு ஹிந்தி காய்கறிக் கடையளவில்தான் பழக்கம். இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர், ‘ஆங்க் நிகால்னீ படேகீ’ என்கிறார். கண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்பதே அதன் பொருள். அதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்ன விளக்கம் எதுவும் அத்தாயின் செவியில் ஏறுவதில்லை. குழந்தையின் கண்ணைப் பிடுங்கப் போகிறார்கள் என்ற ஒன்றே மனத்தில் நிற்கிறது. அன்றிரவு ஊருக்குத் தொலைபேசிச் செய்தி போகிறது. அங்கிருந்து மாமியார் அழுகிறார். பெரியப்பா, அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம், இங்கே அழைத்து வாருங்கள் என்கிறார். குலதெய்வத்திற்கு நேர்ந்துகொள்கிறார்கள். சொட்டு மருந்தால் கரைத்துவிடுவதாகச் சொல்லும் ஒருவரிடம் நாற்பத்தெட்டு நாள் மருந்து. பிறகு ஆடி மாதம். ஆடியில் வேண்டாம் என்று ஒரு மாதம். பெரியவர்கள் எவரும் தீமை நினைக்கவில்லை. எல்லோரும் அன்பினால்தான் பேசினார்கள். ஆனால் கட்டிக்கு ஆடி என்றும் ஆவணி என்றும் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அச்சம் இருக்கிறது. அது ரண சிகிச்சையைப் பற்றிய அச்சமன்று. ‘பெண் குழந்தை ஆயிற்றே, நாளை யார் கட்டிக்கொள்வார்கள்’ என்பதே அது. இந்த அச்சத்தைக் கற்பனை என்று நாம் தள்ளிவிட முடியாது. ‘நொள்ளைக் கண்’ என்று பள்ளியில் பட்டப்பெயர் வைப்பவர் யார்? சுபகாரியத்திற்குப் புறப்படுகையில் ஒற்றைக் கண்ணர் எதிர்ப்பட்டால் திரும்பி வந்து திண்ணையில் உட்காருகிறவர் யார்? பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லாம் சரி, கண்ணில் மட்டும் ஏதோ என்று இழுப்பவர் யார்? நாம்தாம். ஒரு தாய் தன் மகளுக்கு உயிர் வேண்டுமா முகம் வேண்டுமா என்று மருத்துவமனை வாயிலில் நின்று தவிக்கிறாளென்றால், அந்தத் தவிப்பின் ஒரு பாதியை உண்டாக்கியது நோய். மறுபாதியை உண்டாக்கியது நம் நாக்கு. நோயை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நாக்கை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகத்தைப் பற்றிய உண்மை நிலையை இனிச் சொல்வோம். சிகிச்சை முழு மயக்கத்தில், பொதுவாக ஒரு மணி நேர அளவில் முடிகிறது. குழந்தைக்கு அப்பொழுது ஒன்றும் தெரியாது. விழியை எடுத்த இடத்தில் ஓர் உருண்டையை வைத்து, விழியை அசைத்த தசைகளை அதன்மீது பொருத்தித் தைத்துவிடுகிறார்கள். பலர் அஞ்சுவதைப் போல் முகத்தில் வெற்றுக் குழி ஏதும் இராது. இமையைத் திறந்தால் வாயின் உட்புறம் போன்ற இளஞ்சிவப்புச் சவ்வே தெரியும். கட்டை அவிழ்க்கும் நாளில் பெற்றோர் இதை முன்பே அறிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். சில நாட்கள் வலியும் வீக்கமும் இருக்கும், மருந்தில் அடங்கும்.

ஆறு முதல் எட்டு வாரங்களில் புண் ஆறிய பின் செயற்கைக் கண் பொருத்தப்படும். முற்காலத்தில் இதைக் கண்ணாடியில் செய்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியக் கண்ணாடி கிடைக்காமற் போகவே, அமெரிக்காவில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்யத் தொடங்கினார்கள். இன்று அதுவே பெரும்பாலும் வழக்கம். அது முழு உருண்டையன்று. இமைக்குள் செருகும் ஓடு. கடையில் எடுத்துக் கொடுக்கும் பொதுக் கண்ணும் உண்டு. குழந்தையின் குழியை அச்செடுத்து, மற்றக் கண்ணைப் பார்த்துக் கையால் வண்ணந்தீட்டிச் செய்யும் கண்ணும் உண்டு. பின்னது விலை கூடியதாயினும் அதையே செய்துகொள்ளுதல் நன்று. நன்றாகப் பொருந்தியது மற்றக் கண்ணோடு ஓரளவு சேர்ந்தே அசையும். எதிரே அமர்ந்து பேசுபவர் பலருக்கு வேறுபாடு புலப்படாது. ஆண்டிற்கு ஒரு முறையேனும் அதை மெருகிட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை வளர வளரப் புதிதாகச் செய்துகொள்ளவும் வேண்டும். தினமும் இரவில் கழற்ற வேண்டுவதில்லை.

பார்வையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கண் போனால் பார்வையில் பாதி போய்விடுவதில்லை. அந்தப் பக்கத்து ஓரப் பார்வை மட்டும் குறைகிறது. தூரத்தை அளக்கும் உணர்வும் குன்றுகிறது. டம்ளரில் நீர் ஊற்றும்போதும், மாடிப்படி இறங்கும்போதும் பெரியவர்கள் சில மாதங்கள் தடுமாறுவார்கள். சிறு குழந்தைகளோ வெகு விரைவில் பழகிக்கொள்வார்கள். ராணுவம், ரயில் ஓட்டுதல் போன்ற சில வேலைகள் கிடைக்கமாட்டா. மற்றக் கண் நன்றாக இருந்தால் அரசின் கணக்கில் இது 30 சதவீத ஊனமாகவே கொள்ளப்படுகிறது. சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும் என்பதால் அவை கிட்டுவதில்லை. இது குறைதான். ஆயினும் படிப்பிற்கும் பெரும்பாலான தொழில்களுக்கும் இது தடையன்று.

அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபாக் என்பவருக்கு இதே ரெட்டினோபிளாஸ்டோமா நோய்க்காக மூன்று வயதில் வலக்கண் எடுக்கப்பட்டது. அவர் பின்னாளில் கொலம்போ என்னும் துப்பறிவாளராகத் தொலைக்காட்சியில் நடித்து உலகப் புகழ் பெற்று, 83ஆம் வயதில் 2011இல் காலமானார். பள்ளி நாளில் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் தம்மை ஆட்டமிழந்ததாகத் தவறாக அறிவித்தபோது, செயற்கைக் கண்ணைக் கழற்றி நடுவரிடம் நீட்டி, இது உமக்குத் தேவைப்படும் என்று கூறியதாக அவரே சொல்லியிருக்கிறார். நம் நாட்டின் மன்சூர் அலிகான் பட்டோடிக்குக் கண் எடுக்கப்படவில்லை. ஆனால் 1961இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் வலக்கண்ணின் பார்வை போயிற்று. சில மாதங்களிலேயே, 1962 ஜனவரியில், சென்னை ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டம் எடுத்தார். அவ்வாண்டே 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவருமானார். வேகமாக வரும் பந்தை ஒற்றைக் கண்ணால் அளந்து அடித்த அவரை நினைத்தால், டம்ளரில் நீர் ஊற்றப் பழகுவது பெரிதன்று என்று தோன்றும்.

இனி, எஞ்சிய கண்ணைப் பற்றி. இந்தக் குழந்தைக்கு அது ஒன்றே சொத்து. ஆகவே பார்வைக் குறை இல்லாவிட்டாலும், உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி அணிவித்தே பள்ளிக்கும் விளையாட்டிற்கும் அனுப்ப வேண்டும். புற்றுநோய்க்காக எடுத்திருந்தால், எடுத்த விழியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறிக்கை தருவார்கள். அதைப் பொறுத்தே மேலும் மருந்துச் சிகிச்சை வேண்டுமா என்பது முடிவாகும். வீடு மாறினாலும் ஊர் மாறினாலும் அவ்வறிக்கையை விட்டுவிடலாகாது. மற்றக் கண்ணையும், உடன்பிறந்த சிறு குழந்தைகளின் கண்களையும் மருத்துவர் குறிப்பிடும் காலங்களில் காட்டி வர வேண்டும். இந்நோய் ஒரு மரபணுவின் குறைபாட்டால் விளைவது. ஒரு கண்ணில் மட்டும் நோய் கண்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பெற்றோரிடமிருந்து வந்ததன்று. கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, எதையோ உண்டதாலோ வருவதும் அன்று. அவள்மீது பழி சொல்லலாகாது.

காயத்தால் சிதைந்த கண்ணைப் பற்றி ஒன்று கூறிவிடுகிறோம். கண்ணிழந்தோர் தடவிப் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். காயமே படாத மற்றக் கண்ணும் சில ஆண்டுகளில் பார்வை இழந்தது. காயம்பட்ட கண்ணினால் உடலின் பாதுகாப்புச் சக்தி நல்ல கண்ணையும் பகையாகக் கருதித் தாக்கும் நிலை ஒன்று உண்டு. அவருக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இன்று அது மிக அரிது; மருந்தும் இருக்கிறது. ஆயினும் பார்வை திரும்ப வழியே இல்லாமல் சிதைந்த கண்ணை எடுத்துவிடுமாறு மருத்துவர் சொன்னால், மற்றதைக் காக்கும் நோக்கமும் அதில் அடங்கியிருக்கலாம்.

‘நான் என் கண்ணைத் தருகிறேன், குழந்தைக்கு வையுங்கள்’ என்று கூறும் தந்தையர் பலர். கண்தானத்தில் பயன்படுவது முக்கியமாகக் கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலமே. முழுக்கண்ணை மாற்றிப் பார்வை தரும் சிகிச்சை இன்னும் கைகூடவில்லை. 2023இல் நியூயார்க்கில் முதன்முதலாக ஒருவருக்கு முழுக்கண் பொருத்தப்பட்டது. கண் உயிரோடிருந்தது, பார்வை வரவில்லை. ஆகையால் அந்த நம்பிக்கையில் நாட்களைக் கடத்துதல் கூடாது.

இரண்டாவது மருத்துவர் ஒருவரைக் கேட்பது முறையே, கேட்கவும் வேண்டும். ஆனால் இந்நோயில் பழகிய இடத்தில், ஒரு வாரத்திற்குள் கேட்க வேண்டும். டில்லியில் அகில இந்திய மருத்துவக் கழகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மையம், ஹைதராபாத்தில் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை, சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை அத்தகைய இடங்கள். புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குச் செல்ல ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று இருந்தால் போதும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: இக்கண்ணில் பார்வை திரும்ப வழி உண்டா? எடுக்காமல் காக்கும் முறை இக்குழந்தைக்குப் பொருந்துமா? காத்திருந்தால் என்ன ஆகும்? எடுத்தபின் எத்தனை நாள் எப்படிச் சிகிச்சை?

நம் சங்க அன்பர்கள் செய்யக்கூடியது மிகச் சிறிது. ஆனால் பெரும்பயன் தருவது. உங்கள் குடியிருப்பில் இத்தகைய செய்தி ஒரு வீட்டிற்கு வந்ததாகக் கேள்விப்பட்டால், ஹிந்தியோ தெலுங்கோ மராத்தியோ நன்றாக அறிந்த ஒருவர் அப்பெற்றோருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை முழுவதும் கேட்டு, மெதுவாகத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ஊரிலுள்ள பெரியவர்களோடு தொலைபேசியில் அவர்களே பேசத் தயங்கினால், நீங்கள் பேசுங்கள். குழந்தை சிகிச்சை முடிந்து திரும்பும் நாளில் வீட்டிற்குச் சென்று, கட்டைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் குழந்தைகளை அதனோடு விளையாட அனுப்புங்கள்; அனுப்பும் முன் பட்டப்பெயர் சொல்லலாகாது என்று கண்டித்துச் சொல்லுங்கள்.

இன்றைக்கே எல்லோரும் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில், கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருக்கும் புகைப்படங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு கண்ணின் மணி மறுபடியும் மறுபடியும் வெள்ளையாக விழுந்திருந்தால், பயப்பட வேண்டாம். எல்லாமே இந்நோயாக இராது. ஆனால் நாளைக் காலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.